பெற்றோர் விருப்பத்தின் பேரில்

1992 ஜூனில் மாலைமேடு அரசுப் பள்ளியின் ஒன்பதாம் வகுப்பு வருகைப் பதிவேட்டில் பதினேழு பெயர்கள் இருந்தன. அவர்களில் பதினொரு பேரை வீட்டு வாசலில் நின்று பேசி, சண்டை போட்டுக் கூட்டி வந்தவர் இஞ்ஞாசியம்மாள். அவர் ஆசிரியர் இல்லை. பள்ளியைப் பெருக்கி, தண்ணீர் எடுத்து வைத்து, மணி அடிக்கிற பகுதிநேரப் பணியாளர். அப்போது வயது இருபத்தாறு. இடுப்பில் ஒன்றரை வயது மகள் ஐரின்.

திண்டுக்கல்லிலிருந்து வேடசந்தூர் போகும் சாலையில், நகராட்சிக் குழாய் முடிகிற இடத்தில் தொடங்குகிறது மாலைமேடு. அங்கே இருந்த நடுநிலைப்பள்ளியை உயர்நிலைப்பள்ளியாக்கி ஆணை வந்துவிட்டது. பிள்ளைகள்தான் வரவில்லை. எட்டாம் வகுப்பு முடித்த பையன்கள் பூட்டுப் பட்டறைக்கும் தோல் பதனிடும் ஷாப்புக்கும் போனார்கள். பெண்கள் வெங்காய மண்டிக்குப் போனார்கள். பதினைந்து பேராவது சேராவிட்டால் ஆணை திரும்பிப் போய்விடும் என்று அப்போதைய தலைமையாசிரியர் கண்ணில் பட்டவர்களிடமெல்லாம் புலம்பிக்கொண்டிருந்தார். மே மாதம். ஆசிரியர்கள் விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்தார்கள். இஞ்ஞாசியம்மாளைப் போகச் சொல்லி யாரும் கேட்கவில்லை. மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு அவராகவே கிளம்பினார்.

படிப்பின் அருமை பெருமையெல்லாம் அவருக்குப் பேசத் தெரியாது. ஒன்றாம் வகுப்போடு பீடி சுற்றப் போனவர். பட்டறை வாசலில் போய் நின்று பையனைப் பார்த்துக் கேட்பார்: "ஏலே, திங்கக்கிழமை நீயா வாரியா, இல்ல இம்புட்டுப் பேரு முன்னாடி காதத் திருகி இழுத்துக்கிட்டுப் போகவா?" பட்டறை முழுக்கச் சிரிக்கும். பையன் திங்கட்கிழமை வந்துவிடுவான்.

ஒன்பதாம் வகுப்புக்கு அறை கிடையாது. கோயிலுக்குப் பின்னால் இருந்த ஞாயிறு மறைக்கல்விக் கூடத்தைப் பங்குச் சாமியார் கொடுத்தார். பத்தாம் வகுப்பு வந்தபோது அதே கூடத்தின் நடுவில் ஒரு பலகைத் தட்டி. இந்தப் பக்கம் வரலாறு நடக்கும், அந்தப் பக்கம் அல்ஜிப்ரா. 1994இல் முதல் செட் தேர்வு எழுதியது. பதினான்கு பேரில் நான்கு பேர் தேறினார்கள். இஞ்ஞாசியம்மாள் அந்த நான்கு பேருக்கும் தன் கையால் கேசரி கிண்டிக் கொடுத்தார். மீதிப் பத்துப் பேருக்கும் கொடுத்தார் என்பதுதான் விசேஷம்.

1996இல் ஆறு அறைகள் கொண்ட கட்டடம் வந்தது. 1998இல் பெண்களுக்குக் கழிப்பறை வந்தது, தண்ணீர் வரவில்லை. தோல் ஷாப் கழிவுத் தண்ணீர் இறங்கி ஊர்க் கிணறுகள் பழுப்பாகிக் கிடந்தன. ஆத்தூர் அணைத் தண்ணீர் பன்னிரண்டு நாளைக்கு ஒருமுறை தெருக்குழாயில் வரும். வருகிற அன்று அவர் பள்ளிக்கு நாற்பது குடம், வீட்டுக்கு ஆறு குடம் எடுப்பார். கணவர் செபஸ்தியான், பூட்டுக்குச் சாவியை அரத்தால் ராவுகிறவர், கேலியாகச் சொல்வார்: "பேசாம நீ அங்கயே குடியிருந்துக்க. நானும் பிள்ளையும் தண்ணி வேணும்னா ஸ்கூலுக்கு வாரோம்."

அதே கட்டடத்தில் நடந்த அறிவொளி வகுப்பில்தான் அவர் கையெழுத்துப் போடக் கற்றார். தன் பெயரில் எழுத்துகள் ரொம்ப அதிகம் என்று குறைப்பட்டுக்கொண்டே, பெயரை முழுசாக எழுதினார். சுருக்கிக்கொள்ளலாம் என்று சொன்னவர்களுக்கு, "வச்ச பேர ஏன் குறைக்கணும்?" என்றார்.

2001இல் அறிவுச்செல்வி டீச்சர் தலைமையாசிரியராக வந்தார். வந்த வாரமே இஞ்ஞாசியம்மாளைக் கூப்பிட்டு, இந்தப் பள்ளியில் பத்து முடித்த பெண்கள் எல்லாம் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று கேட்டார். இஞ்ஞாசியம்மாள் விரல் மடக்கிச் சொன்னார். கல்யாணம் ஆனவர்கள், மண்டியில் இருப்பவர்கள், மில் வேனில் போகிறவர்கள். பிளஸ் ஒன் சேர்ந்தவர்கள் மூன்றே பேர். டவுன் பள்ளிக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். பெண்ணை அவ்வளவு தூரம் அனுப்ப யாருக்கும் மனசில்லை.

"இங்கயே பிளஸ் டூ வந்துட்டா?" என்று கேட்டார் டீச்சர்.

"வந்துட்டா அனுப்புவாக டீச்சர். நானே எம்மகள அனுப்புவேன்ல. பன்னெண்டாப்பு முடிச்சு நர்சுக்குப் படிக்கணும்னு இப்பவே சொல்லிக்கிட்டுத் திரியுறா."

அன்று முதல் இரண்டு பேருக்கும் ஒரே குறி. ஐரின் அப்போது ஆறாம் வகுப்பு. அவள் பத்து முடிப்பதற்குள் பிளஸ் ஒன் வந்துவிட வேண்டும்.

மேல்நிலைப்பள்ளியாக உயர்த்த நிலம் வேண்டும், மாணவர் எண்ணிக்கை வேண்டும், தூரக் கணக்கு வேண்டும். இதெல்லாம் தாளில் உள்ள விதிகள். தாளில் இல்லாத விதி ஒன்றும் இருந்தது. எந்த அதிகாரியிடம் போனாலும் முதல் கேள்வி, "பத்தாம் வகுப்புல எத்தனை பர்சென்ட்?" மாலைமேட்டில் நாற்பத்தெட்டு. அந்த எண்ணைச் சொன்னதும் அதிகாரிகள் கோப்பை மூடினார்கள்.

எண்ணை உயர்த்த டீச்சர் ஒரு வழி கண்டார். மற்ற பள்ளிகள் முன்பே கண்டுவைத்திருந்த வழிதான். காலாண்டுத் தேர்வில் அடிமட்டத்தில் இருக்கிறவர்களை, அரசுக்குப் பெயர்ப்பட்டியல் போவதற்கு முன்பே டி.சி. கொடுத்து அனுப்பிவிடுவது. அவர்கள் டுடோரியலில் சேர்ந்து தனித்தேர்வராக எழுதலாம். பெயிலானாலும் பள்ளிக் கணக்கில் வராது. ஆனால் பள்ளியாக யாரையும் வெளியே அனுப்பக் கூடாது, பெற்றோர்தான் கேட்க வேண்டும். அதனால் கடிதத்தை அலுவலகத்திலேயே எழுதிவிடுவார்கள். இளநிலை உதவியாளர் நர்கீஸுக்கு முத்து முத்தான கையெழுத்து. எல்லாக் கடிதத்திலும் ஒரே வரி: 'எங்கள் குடும்பச் சூழ்நிலை காரணமாக எனது பிள்ளையின் மாற்றுச் சான்றிதழை வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.'

அதைப் பழுப்புக் கவரில் போட்டு, மை டப்பாவோடு வீடு வீடாகக் கொண்டுபோய்க் கைநாட்டு வாங்கி வருவது இஞ்ஞாசியம்மாளின் வேலை. எந்த வீடு எந்தச் சந்தில் என்று அவருக்குத்தானே தெரியும்.

முதல் தடவை அவர் தயங்கினார். "நாந்தான் டீச்சர் இவுகள இழுத்துட்டு வந்தேன். நானே போயி…"

"நாலு பேரு இஞ்ஞாசி. நாலு பேரு தனியா எழுதினா, நாளைக்கு நானூறு பிள்ளைங்க இங்கயே பிளஸ் டூ படிக்கும்" என்றார் டீச்சர். அதைச் சொல்லும்போது அவர் குரலும் சரியாக இல்லை.

இஞ்ஞாசியம்மாள் நம்பினார். 2002இல் நான்கு கவர், 2003இல் ஆறு, 2004இல் ஒன்பது. சதவீதம் அறுபத்தொன்பது, எண்பத்தெட்டு, நூறு என்று ஏறியது. சுற்றுச்சுவர் வந்தது. துண்டு போர்த்திய இரண்டு கம்ப்யூட்டர்கள் வந்தன. அந்தப் பத்தொன்பது பேரில் தனியாக எழுதித் தேறியவர்கள் எத்தனை பேர் என்று பள்ளியில் யாரும் கணக்கு வைக்கவில்லை. இஞ்ஞாசியம்மாள் வைத்திருந்தார். இரண்டு பேர்.

2005 அக்டோபர். இன்னொரு வருடம் நூறு காட்டினால் அடுத்த பட்டியலில் மாலைமேடு நிச்சயம் என்று மேலதிகாரி வாயால் சொல்லிவிட்டார். ஐரின் பத்தாம் வகுப்பில் இருந்தாள். எல்லாம் நினைத்தபடி கூடி வந்திருந்தது.

ஒரு புதன்கிழமை மதியம் டீச்சர் இஞ்ஞாசியம்மாளை அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். மேசையில் ஐந்து கவர்கள் இருந்தன. நர்கீஸ் ஓரமாக நின்று ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்த வருசம் ஆறு" என்றார் டீச்சர். "ஆறாவத நர்கீஸ் எழுத மாட்டேன்னுட்டா. நாந்தான் எழுதினேன்." மேசை இழுப்பறையிலிருந்து ஒரு கவரை எடுத்து வைத்தார். "ஐரினுக்குக் கணக்குல பதினொன்னு, சயின்ஸ்ல பத்தொன்பது."

இஞ்ஞாசியம்மாள் அந்தக் கவரைப் புரட்டிப் பார்த்துவிட்டு வைத்தார்.

"உக்காரு. நான் ஒண்ணு சொல்றேன். ஒனக்கு வேணாம்னா இதக் கிழிச்சிப் போட்டுர்றேன். நாப்பத்தி ரெண்டு பேர்ல ஒரு ஆளு போனா நூறு போயிரும், அவ்ளோதான. அடுத்த வருசம் பாத்துக்கலாம். பதிமூணு வருசமா இந்த ஸ்கூலுக்கு நாயா ஒழைச்சிருக்க. நீ சொல்றதுதான்."

"அடுத்த வருசம் பிளஸ் ஒன் வந்து எம்மகளுக்கு என்ன டீச்சர்?"

டீச்சர் ஆறாவது கவரை மறுபடி இழுப்பறைக்குள் வைத்தார்.

"செத்த நேரம் குடுங்க. மத்த வீட்டுக்குப் போயிட்டு வந்து சொல்றேன்" என்று ஐந்து கவர்களையும் மை டப்பாவையும் கூடையில் போட்டுக்கொண்டு இஞ்ஞாசியம்மாள் வெளியே வந்தார்.

முதல் கவர் மாயம்மாள் வீட்டுக்கு. மாயம்மாள் மண்டியில் வெங்காயத் தாள் அரிகிறவள், இஞ்ஞாசியம்மாளை மதினி என்று கூப்பிடுகிறவள். அவளுடைய மூத்த மகன் சடையாண்டிக்கு 2003இல் இதே கவர் வந்தது. அவன் தேர்வே எழுதவில்லை. பட்டறையில் பற்றவைப்பு வேலை பார்க்கிறான். இப்போது இளையவள்.

கூடையைப் பார்த்ததுமே மாயம்மாளுக்குப் புரிந்துவிட்டது.

"வாங்க மதினி. மை டப்பாவோட வந்திருக்கீக. மூத்தவன ஆறாப்புக்கு இழுத்துட்டுப் போனதும் நீங்க, பத்தாப்புல கொண்டாந்து விட்டதும் நீங்க. இப்ப எளையவளா? எங்க வீட்டு மேல அம்புட்டுப் பாசம்."

"டுடோரியல்ல சேத்து விடு மாயி. தனியா எழுதட்டும்…"

"இதத்தான அன்னைக்கும் சொன்னீக. இந்த வாட்டியாச்சும் வேற வார்த்த படிச்சுட்டு வரக் கூடாதா?" என்றவள் சட்டென்று நிறுத்தினாள். "ஆமா, ஒங்க ஐரினும் பத்துதான? அவ நல்லாப் படிக்கிறாளாக்கும்?"

உள்ளே அடுப்படியிலிருந்து இளையவளின் குரல் வந்தது. "யம்மா, ஐரின் என்னைய விடக் கம்மிம்மா. கணக்குல நான் பதினஞ்சு, அவ பதினொன்னு. பேப்பர் குடுத்தப்ப ரெண்டு பேரும் சேந்துதான் அழுதோம்."

மாயம்மாள் திட்டவில்லை. இஞ்ஞாசியம்மாளின் கூடையை எட்டிப் பார்த்தாள், அவ்வளவுதான். உள்ளே கிடந்த கவர்களை அவள் எண்ணுவதை இஞ்ஞாசியம்மாள் பார்த்தார்.

"அவளுக்கும் வந்திருக்கு" என்றார் இஞ்ஞாசியம்மாள். "ஆபீஸ்ல இருக்கு. போயிக் கையெழுத்துப் போடணும்."

சொல்லி முடித்த பிறகுதான், முடிவு எடுத்துவிட்டோம் என்று அவருக்கே தெரிந்தது. மாயம்மாள் பெருவிரலை நீட்டினாள். மற்ற நான்கு வீடுகளிலும் யாரும் கேட்பதற்கு முன்பே அவர் அதைச் சொன்னார். எங்கேயும் வாக்குவாதம் வரவில்லை. பள்ளி ஆயா மகளுக்கே கொடுத்துவிட்டார்கள் என்றால் வேறென்ன பேசுவது?

ஆறு கவர்களையும் திருப்பிக் கொடுத்திருக்கலாம் என்பது அன்று அவருக்குத் தோன்றவில்லை. பிறகு தோன்றியது, பல வருடம்.

மாலை நான்கரை மணிக்கு அலுவலகத்தில் உட்கார்ந்து, தன் பெயரை முழுசாக, ஒரு எழுத்துக் குறையாமல் எழுதினார். நர்கீஸ் எழுந்து வெளியே போய்விட்டாள். டீச்சர் கவரை வாங்கி வைத்துக்கொண்டு, "டுடோரியல்ல நானே பேசிச் சேக்கறேன்" என்றார்.

வீட்டில் செபஸ்தியான் கத்தித் தீர்த்தார். "ஊராம் பிள்ளைக்குத்தான் கொள்ளி வச்சன்னு பாத்தா, ஒம் பிள்ளைக்குமா? எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டியா?"

ஐரின் கத்தவில்லை. சீருடையைக்கூட மாற்றாமல் சுவரில் சாய்ந்து நின்றாள்.

"நீயே போட்டியாம்மா கையெழுத்து?"

"ஆமா."

"காலாண்டுதானம்மா. இன்னும் ஆறு மாசம் கெடந்துச்சு. நான் படிச்சிருப்பேன்."

"தனியா எழுதலாம் தாயி. பாஸ் பண்ணு. ஜூன்ல பிளஸ் ஒன் வந்துரும், மொத ஆளா ஒன்னயச் சேத்துவிடுறேன்."

ஐரின் உள்ளே போய்ச் சீருடையை மாற்றினாள்.

டீச்சர் சொன்னபடியே டுடோரியலில் சேர்த்துவிட்டார். பஸ் நிலையத்துக்குப் பின்னால், மாடியில், தகரக் கூரை. எண்பது பேர். ஐரின் ஒரு நாள்கூட விடாமல் போனாள். போகும்போது மட்டும் பள்ளி வழியாகப் போகமாட்டாள். அரை மைல் சுற்றிக்கொண்டு போய்ப் பஸ் ஏறுவாள். கூடப் படித்தவர்கள் சீருடையில் எதிரே வந்தால் கடைக்குள் நுழைந்துகொள்வாள். கிறிஸ்துமஸ் திருப்பலிக்கு வரமாட்டேன் என்று வீட்டிலேயே இருந்துவிட்டாள். வகுப்புப் பிள்ளைகள் பாதிப் பேர் அங்கே இருப்பார்களே.

ஏப்ரலில் டவுனில் ஒரு பள்ளியில் தனித்தேர்வர்களோடு உட்கார்ந்து தேர்வு எழுதினாள். முடிந்த வாரம், வேடசந்தூர்ப் பக்கத்து நூற்பாலைக்கு ஆள் சேர்க்கும் அம்மாளிடம் அவளே போய்ப் பெயர் கொடுத்தாள். விடுதியில் தங்கி மூன்று வருட ஒப்பந்தம், முடிவில் மொத்தமாக ஒரு தொகை. இடையில் விட்டால் ஒன்றும் கிடைக்காது. இஞ்ஞாசியம்மாள் காலில் விழாத குறையாகக் கெஞ்சினார்.

"ரிசல்ட் வரட்டும் தாயி. ஒரு மாசம் பொறு."

"வந்தா வரட்டும். நான் போறேன்."

செபஸ்தியானிடம் சொல்லித் தடுக்கச் சொன்னார். செபஸ்தியான் சாவி ராவுவதை நிறுத்தாமல் சொன்னார்: "அன்னைக்கு எங்கிட்ட யாரும் கேக்கல. இன்னைக்கு நான் யாருக்கும் சொல்லல." மே இரண்டாம் தேதி ஐரின் மில் வேனில் ஏறிப் போனாள்.

மே கடைசியில் முடிவு வந்தது. பள்ளி வாசலில் காலையிலிருந்து கூட்டம். நாற்பத்தொரு பேர் எழுதி நாற்பத்தொரு பேரும் தேறியிருந்தார்கள். ஊர்க்காரர்கள் சரவெடி போட்டார்கள். பஞ்சாயத்துத் தலைவர் டீச்சருக்குப் பொன்னாடை போர்த்தினார். மத்தியானம் கூட்டம் கலைந்த பிறகு நர்கீஸ், வெடிக் குப்பையைப் பெருக்கிக்கொண்டிருந்த இஞ்ஞாசியம்மாளிடம் ஓடி வந்தாள். கையில் மாலைப் பேப்பர். தனித்தேர்வர் பத்தியில் ஒரு எண்ணைச் சுற்றிப் பேனாவால் வட்டம் போட்டிருந்தாள்.

"யக்கா, ஐரின் பாஸ்."

பிறகு மதிப்பெண் தாள் வந்தது. கணக்கில் முப்பத்தெட்டு. சயின்ஸில் ஐம்பத்திரண்டு. அவளைப் பள்ளியிலேயே வைத்திருந்தாலும் சதவீதம் நூறாகத்தான் இருந்திருக்கும்.

ஜூன் 19 அன்று ஆணை வந்தது. மாலைமேடு அரசு மேல்நிலைப்பள்ளி. அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஐரினுக்கு மில்லில் மாத விடுப்பு. பூசைக்குப் போய்விட்டு வந்து இஞ்ஞாசியம்மாள் கோழி அடித்துக் குழம்பு வைத்தார். மகள் இளைத்திருந்தாள். தலைமுடியில் பஞ்சுத் தூசி அலசியும் போகாமல் வெள்ளையாக ஒட்டியிருந்தது. சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது வாசலில் அறிவுச்செல்வி டீச்சர் வந்து நின்றார். ஐந்து வருடத்தில் அந்த வீட்டுக்கு அவர் வருவது அதுதான் முதல் முறை.

செபஸ்தியான் நாற்காலியை எடுத்துப் போட்டுவிட்டு வெளியே போய்விட்டார்.

"ஐரின், ஒனக்குத்தான் மொத அட்மிஷன்" என்றார் டீச்சர். "சயின்ஸ் குரூப் தாரேன். நீ நர்சிங் போகணும்னு அம்மா சொல்லியிருக்காங்க. மில்லுல நான் வந்து பேசுறேன். மார்க் ஷீட்டும் டி.சி.யும் இருந்தாப் போதும்."

ஐரின் கை கழுவிவிட்டு வந்தாள். தகரப் பெட்டியைத் திறந்து ஒரு தாளை எடுத்து டீச்சரிடம் கொடுத்தாள்.

"நீங்க குடுத்ததுதான் டீச்சர். இதுல ஏன் பள்ளிக்கூடத்த விட்டுப் போறேன்னு ஒரு எடத்துல போட்டிருக்கு. படிங்க."

டீச்சர் படிக்கவில்லை.

"பெற்றோர் விருப்பத்தின் பேரில்னு போட்டிருக்கு. அம்மா விருப்பம்னு அப்பப் போயிட்டேன். இப்ப எனக்கு வர விருப்பமில்ல." சிரிக்கிற மாதிரிச் சொன்னாள்: "நான் வந்தா பர்சென்டேஜ் என்னத்துக்கு ஆகும் டீச்சர்? பன்னெண்டாப்புலயும் காலாண்டு இருக்கும்ல."

"ஐரின், தப்பு என்மேலதான். அம்மாவ ஒண்ணும் சொல்லாத."

"அம்மாவ நான் ஒண்ணுமே சொல்லல டீச்சர். கேட்டுப் பாருங்க."

அது உண்மை. எட்டு மாதமாக அவள் அம்மாவை ஒன்றும் சொல்லவில்லை. சோறு கேட்டாள், எண்ணெய் கேட்டாள், பஸ் நேரம் கேட்டாள். வேறு எதுவும் பேசவில்லை. இஞ்ஞாசியம்மாள் அடுப்படி வாசலில் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் இழுத்து வராத பிள்ளை அந்த ஊரில் கிடையாது. தன் மகளின் கையைப் பிடித்து இழுக்க அன்று அவருக்கு உரிமை இருப்பதாகத் தோன்றவில்லை.

டீச்சர் போன பிறகு ஐரின் பையை அடுக்கினாள். தேங்காய் எண்ணெய், ஊறுகாய், இரண்டு நைட்டி. நாலரை மணிப் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது, "வாரேன்" என்று மட்டும் சொன்னாள். இஞ்ஞாசியம்மாள் நிறுத்தம் வரை போனார். பஸ் திரும்பும் வரை நின்றார்.

அடுத்த வாரம் முழுக்க அவர் தெருத் தெருவாகப் போய்ப் பிளஸ் ஒன்னுக்குப் பிள்ளைகள் சேர்த்தார். மாயம்மாள் தெருவுக்கு மட்டும் போகவில்லை. அந்தத் தெருவுக்கு நர்கீஸ் போனாள். ஜூலை மூன்றாம் தேதி, திங்கட்கிழமை, பதினொன்றாம் வகுப்பு தொடங்கியது. நாற்பத்தாறு பேர், அதில் இருபத்தொன்பது பெண்கள். டீச்சர் கணக்குப் போட்டது தப்பில்லை. பெண்கள் வந்தார்கள். புது வகுப்புக்கு இஞ்ஞாசியம்மாள் ஒரு பானை கூடுதலாகத் தண்ணீர் வைத்தார்.

முதல் பிளஸ் டூ செட் 2008 மார்ச்சில் தேர்வு எழுதியது. மில்லில் ஐரினின் ஒப்பந்தம் முடிய அப்போது இன்னும் பதினான்கு மாதம் இருந்தது.